பாதி ஆடுகளின் கணக்கெடுப்பு

மார்ச் 4, 2014, செவ்வாய்

பள்ளி முற்றத்தில் குலுக்கல். ஊரில் ஏழை என்று பதிந்துகொண்ட வீடுகள் அறுபது. முப்பதுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளாடு, மீதி முப்பதுக்கு ஒன்றுமில்லை. ஆடு கொடுக்கும் நிறுவனத்தின் சார்பில் சோஹாக் நகரத்திலிருந்து வந்த ரிஹாம் என்ற பெண் வாளியிலிருந்து சீட்டு எடுத்தாள்.

ஆடு வந்தால் என் கடையில் தவிடு விற்கும். அந்த அக்கறை உண்டு, மறைப்பானேன். ஆனால் பெரிய கவலை தங்கை ஸனியா. புருஷன் செத்து இரண்டு வருடம், நான் அனுப்பும் மாவில்தான் ரொட்டி சுடுகிறாள். கொடுக்கிற எனக்குப் பாரம். வாங்குகிற அவளுக்கு அதைவிட.

அவள் பெயர் வரவில்லை. கிழவர் ஹசானீன் பெயர் வந்தது. உட்கார்ந்தால் அவரை எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். ஆடு மேய்ப்பாராம்!

மார்ச் 5

ரிஹாமைக் கடைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தேன். மூன்று கரண்டி சர்க்கரை.

"கெழவர் பேரை எடுத்துட்டு என் தங்கச்சி பேரைப் போடும்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எடுத்த சீட்டு எடுத்ததுதான், ஹாஜி. பிரசிடெண்டே கேட்டாலும் மாத்த மாட்டோம்."

கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம், என்னவோ சொன்னாள். காதில் வாங்கவில்லை. தேநீர் வீண்.

மார்ச் 19

ஆடுகள் வந்தன. ஹசானீன் கடைவாசலில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினார்: "டேய் முத்வல்லி, ரெண்டு சைத்தானும் சேர்ந்து என் போர்வையத் தின்னுடுச்சுடா!"

விற்கக் கூடாது என்று கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். பாதிவாரத்துக்கு விடுவதை யார் தடுத்தது? எங்கள் பக்கம் எருமையே அப்படித்தான் வளர்கிறது: உடைமை ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு, பாலும் குட்டியும் பாதிப் பாதி. மாலையே கிழவரின் ஆடுகளை ஸனியா ஓட்டிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 11

ஊரே கேட்கிறது. சீட்டு விழுந்தவரையும் விழாதவரையும் கல்யாணத் தரகன்போல் ஜோடி சேர்த்துவிட்டேன். இதுவரை இருபத்தாறு ஜோடி. தரகு வேண்டாம், தவிடு மட்டும் என்னிடம் வாங்குங்கள் என்றேன். என்ன மூளை எனக்கு!

டிசம்பர் 2

ஸனியா மாவுமூட்டையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள்.

மார்ச் 9, 2015

ரிஹாம் திரும்ப வந்திருக்கிறாள். நாளை வீடு வீடாகக் கணக்கெடுப்பு. இன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

"ஆடு கெடச்ச வீடு, கெடைக்காத வீட்டைவிட நல்லா இருந்தாத்தான் இது பலிக்குதுன்னு அர்த்தம், ஹாஜி. அதைக் காட்டினாத்தான் மத்தவங்களுக்கும் ஆடு வாங்கப் பணம் கேக்கமுடியும்."

அடப்பாவி முத்வல்லி — அந்த வித்தியாசத்தைத்தானே நீ கூறுபோட்டுப் பங்கு வைத்தாய்? மீதி முப்பது வீட்டுக்கு வரவேண்டியதில் நானே மண்ணைப் போட்டேனா?

ராத்திரியோடு ராத்திரியாக ஏற்பாடு: தாய் ஆடுகள் சொந்தக்காரர் வீட்டுக்கு, குட்டிகள் என் கிடங்குக்கு. சீட்டு விழாதவர்கள் நாளை ஒருநாள் மட்டும் பழையபடி ஏழையாக இருக்கவேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள், ஸனியாவைத் தவிர.

"ரெண்டு வருஷம் நெசமாவே இருந்து பாத்துட்டேன்ணே. இனி நடிக்கக்கூட முடியாது."

மார்ச் 10

ரிஹாம் முதலில் போனது ஸனியா வீட்டுக்கு. "எழுதிக்கோ கண்ணு. தாய் ரெண்டு, குட்டி மூணு, ஆக அஞ்சு ஆடு. அதுல என்னுது ஒன்னரை."

படிவத்தில் அரை ஆட்டுக்கு இடமில்லை. பேனாவை வைத்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தாள்.

"ஹாஜி, உங்க கிடங்கு ஏன் கத்துது?"

கதவைத் திறந்தேன். முப்பத்தோரு குட்டிகள், என் தவிட்டில் முழங்கால்வரை நின்றுகொண்டு. அந்தப் பெண் மூட்டைமேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன் — தோள் குலுங்கச் சிரிக்கிறாள்! பிறகு எது யாருடைய பாதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இருட்டும்வரை படிவத்தின் ஓரங்களில் எழுதினாள்.

ஜூன் 21

ரிஹாம் தொலைபேசியில் சொன்னாள்: அடுத்த முறை வீடு வீடாகக் குலுக்கமாட்டார்கள், ஊர் ஊராகத்தான். எங்கள் ஊர் வாளியிலேயே இல்லை. கிடைத்தவரும் கிடைக்காதவரும் கலந்துபோன ஊராம், கணக்குக்கு உதவாதாம். சீட்டு விழாத வீடுகளுக்கு முகம் கொடுக்க முடியாமல் மூன்று நாள் கடையைச் சீக்கிரம் சாத்தினேன்.

செப்டம்பர் 14

கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊருக்குச் சீட்டு விழுந்திருக்கிறது, வீட்டுக்கு இரண்டு ஆடு. ஸனியா நேற்றே அங்கே போய், மேய்க்க முடியாத ஒன்பது வீட்டோடு நம் ஊர்க்காரர்களை ஜோடி சேர்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"தரகு வாங்கினியா?"

"தரகு எதுக்குண்ணே? தீவனம் என்கிட்டதான் வாங்கணும்னு சொல்லிட்டேன். தவிடு மொத்தமா எடுத்தா மூட்டை என்ன விலைக்குத் தருவ?"

சொன்னேன்.

"சோஹாக்லயே இதைவிட மலிவு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.