உசிரோடு வந்தால் ஐந்து மணித்தியாலம்

மச்சான்,

உங்கட பையை இன்றைக்குத்தான் திறந்தேன். கட்டாரில் உங்களோடு ஒரே அறையில் இருந்த நிந்தவூர்த் தம்பி, லீவில் வந்தவர், நேற்று கொண்டுவந்து தந்தார். திறந்ததும் கோடாலித் தைல வாசம். கண் எரிந்தது. தைலத்தால்தான் என்று மகளிடம் சொன்னேன்.

அந்தத் தைலம் பிளேனுக்கு இல்லை, கொழும்பு பஸ்ஸுக்கு. மலை வளைவுகளில் உங்களுக்குக் குமட்டிச் சத்தி வரும். கல்முனையிலிருந்து கொழும்புக்கு எட்டு ஒன்பது மணித்தியாலம். அங்கிருந்து கட்டாருக்கு ஐந்துதான். "பாத்தியா புள்ள, கட்டார்தான் பக்கத்து ஊரு. கொழும்புதான் வெளிநாடு" என்பீங்கள்.

"அப்ப வெள்ளிக்கு வெள்ளி ஊட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுப் போங்களன்" என்பேன் நான்.

மகள் போனில் பார்த்து, "வாப்பா, மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல காட்டுது" என்றாள். "தூரத்தக் கிலோமீட்டரால அளக்கிறல்ல மகள், சத்தியால அளக்கோணும்" என்றீங்கள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் நான் அதை நம்பித்தான் இருந்தேன். ஏதும் ஒன்றென்றால் ஐந்து மணித்தியாலத்தில் வந்துவிடுவீங்கள் என்று.

அன்று விடியற்காலை ஸுபஹுத் தொழுகை நேரத்தில் அந்தத் தம்பிதான் போன் எடுத்தார். நித்திரையிலேயே உசிர் போய் நீங்கள் மௌத்தாகிவிட்டீங்கள் என்றார். பிறகு கேட்டார்: "மதினி, மையத்த ஊருக்கு அனுப்பவா, இஞ்சயே அடக்கவா? அனுப்புறண்டா பேப்பர் வேலை எத்தின நாளாகும் எண்டு சொல்ல ஏலாது."

"அஞ்சு மணித்தியாலம்தானே தம்பி?"

"உசிரோட வந்தா அஞ்சு மணித்தியாலம், மதினி. மையத்துக்கு அப்பிடி இல்ல."

உங்கட உம்மா என் தோளைப் பிடித்து, "என்ட புள்ளட முகத்த ஒருக்காப் பாக்கோணும்" என்று அழுதா. மையத்தைச் சுணக்கக் கூடாது என்று நமக்குத் தெரியும். அதைவிட, குளிர் தாங்காத உங்களை ஐஸ் பெட்டிக்குள் நாள்கணக்கில் கிடத்த எனக்கு மனம் வரவில்லை. "அடக்குங்க தம்பி" என்று சொன்னேன்.

நம்மட பள்ளிவாசலில் உங்களுக்குக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். முன்னால் மையத்து இல்லாத தொழுகை. நான், புருஷன் போன பொம்பிளைகள் இருக்கும் இத்தாவில், அறைக்குள் இருந்தேன். உங்கட உம்மா, என்ட மாமி, வாசல் வரைக்கும் வருவா, பிள்ளைகளைப் பார்ப்பா, என்னோடு கதைக்காமல் போய்விடுவா. அவவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நேற்று அந்தத் தம்பி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மாமியும் வந்தா. "எப்பிடி அடக்கின நீங்க, மகன்?" என்று கேட்டா.

"கபுறுக் குழிக்குள்ள இறங்கினது நான்தான் உம்மா. கபன் துணிய விலக்கி, கன்னத்த மண்ணில வெச்சதும் இந்தக் கைதான்."

மாமி அந்தக் கையை அப்படியே இழுத்துத் தன்ட முகத்தில் வைத்துக்கொண்டா. அந்தத் தம்பி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். உங்களைக் கடைசியாகத் தொட்ட கை அது. எனக்கு அவர் அந்நிய ஆம்பிளை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் போன பிறகு மாமி உள்ளே வந்தா. என் கன்னத்தை, அந்தக் கை பட்ட தன்ட ஈரக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தா.

அந்த ஈரத்தை நான் இன்னும் துடைக்கவில்லை, மச்சான்.