ஐந்தாவது பெயர்

மார்ச் 3, திங்கள்

றமேஷ் போய்விட்டான். வெள்ளி கேக் வெட்டினான், சனி விமானம் ஏறினான், இன்று காலை மெல்பேர்ணில் ஒரு கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படம் போட்டிருக்கிறான். எங்களுக்கு அவன் விட்டுப்போனது ஸ்காலா என்கிற கணினி மொழியில் எழுதிய புரோகிராம். மரண அறிவித்தல் போடுகிற இணையத்தளத்துக்கு எதற்கு ஸ்காலா என்று இரண்டு வருடமாகக் கேட்டேன். விசா விண்ணப்பத்தில் எழுத ஒரு பெரிய பெயர் வேண்டியிருந்ததாம். போகிற அன்றுதான் சொன்னான்.

போகிற அன்றே புதிய பதிப்பையும் ஏற்றினான். "இனிப் பேர் தேடினா டக்கெண்டு வரும்" என்றான். செத்தவருக்கு என்ன அவசரம்?

ஜனா அண்ணாவுக்கு 'மரண அறிவித்தல்' என்று சொன்னால் பிடிக்காது. "நினைவுத் தளம் எண்டு சொல்லும், மேனகா." முதலாளி அல்லவா, சொல்லிவிட்டுப் போகட்டும். காலி வீதியில் கீழே சேலைக்கடை, மேலே சாவு. இதற்காகத்தான் கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வருகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஒன்றுமில்லை. மழை. இரண்டு அறிவித்தல்.

மார்ச் 5, புதன்

ரொறன்ரோவில் இருந்து ஒருவர். தயாபரன். நேற்று பின்னேரம் இங்கே வெள்ளவத்தையில் தாயார் காலமாகிவிட்டார். ஆறு பிள்ளைகள். பெயர்களை எழுதி அனுப்பியிருந்தார், பிறகு போனிலும் வந்தார். அழுத குரலாகத் தெரியவில்லை. கல்யாணக் காட் அடிக்கக் கொடுக்கிறவரின் குரல்.

"என்ட பேர் முதல். நிஷாந்தினி கடைசி. வரிசை மாறக்கூடாது."

மற்ற ஐந்து பேருக்கும் துணையின் பெயர், ஊர் எல்லாம் இருந்தன. நிஷாந்தினிக்கு மட்டும் வெறும் பெயர். வயது ஒழுங்கில்தானே போடுவார்கள் என்று நினைத்து, "கடைசிப் பிள்ளையோ?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல. ரெண்டாவது."

"அப்ப வயசின்படி..."

"தங்கச்சி, அது உங்களுக்குத் தேவையில்லாத விசயம். அவ ஒரு முஸ்லிம் ஆளை முடிச்சுக்கொண்டு போனவ. பேர் போடுறதே பெரிசு."

பேர் போடுவதே பெரிசாம்! பெற்றவளின் சாவில் மகளுக்கு இடம் கொடுக்க இவர் யார், பஸ் கொண்டக்டரா?

சொன்ன வரிசையிலேயே ஏற்றினேன். நான் அடித்த திரையில் சரியாகத்தான் இருந்தது. வெளியிடும் பொத்தானை ஜனா அண்ணா அமத்துவதாகச் சொன்னார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன். எனக்கென்ன?

மார்ச் 6, வியாழன்

எனக்கென்ன என்று நேற்று எழுதினேன். இன்று எல்லாம் என் தலையில்.

அறிவித்தல் வெளியே வந்தபோது நிஷாந்தினி முதலாவது. தயாபரன் ஐந்தாவது. இடையில் மற்றவர்கள் கண்டபடி. விடிவதற்குள் கனடா, லண்டன், நோர்வே என்று குடும்பத்தின் வட்ஸ்அப் முழுக்கச் சுற்றிவிட்டது. தயாபரன் ஜனா அண்ணாவை எழுப்பி ஏசியிருக்கிறார்.

நான் படியேறும்போதே ஜனா அண்ணா வாசலில் நின்றார்.

"மேனகா, உண்மையைச் சொல்லும். நீர் ஏதும் மாத்தினீரா?"

"நான் ஏன் மாத்த?"

"நேற்று அவரிட்ட வயசு கேட்டனீராம். நியாயம் கதைச்சனீராம்."

ஒரு கேள்வி கேட்டேன். ஒரே ஒரு கேள்வி. அது நியாயம் கதைப்பதாம்! ஆறு வருடம் இவருக்கு வேலை செய்திருக்கிறேன். ஒரு பெயரில் ஒரு கொம்பு விட்டிருப்பேனா? பக்கத்தை எடுத்துவிட்டு, கையால் எழுதிய அறிவித்தலைப் படமாக்கிப் போட்டோம். அதில் வரிசை சரி. தயாபரன் முதல், நிஷாந்தினி கடைசி. பூமி பழையபடி சுற்றத் தொடங்கிவிட்டது, சந்தோசம்.

ஆனால் தயாபரன் ஓயவில்லை. தங்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஆளைப் பிடித்துப் பேரை மாற்றுவித்தாள் என்கிறார். அந்த ஆள் நான்.

மார்ச் 7, வெள்ளி

கண்டுபிடித்தேன்.

றமேஷ் புதிய பதிப்பில் பிள்ளைகளின் பெயர்களை மேப்பில் போட்டிருக்கிறான். பெயரைக் கொடுத்தால் விபரம் வரும், அவ்வளவுதான் மேப். ஸ்காலாவின் சாதாரண மேப்பில் நாலு பெயர் வரைக்கும் போட்ட வரிசை அப்படியே நிற்கும். ஐந்தாவது வந்ததும் அது சத்தமில்லாமல் வேறு வகை மேப்பாக மாறிவிடும். அதற்கு வரிசை தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் தானே ஒரு எண்ணைக் கணித்து, அந்த எண்ணின்படி அடுக்கிவிடும். அதை ஜேசன் என்கிற தரவு வடிவில் எழுதிப் பக்கத்துக்கு அனுப்பும்போது கலைந்தது கலைந்தபடியே போகும்.

எங்கள் புரோகிராமைப் பரிசோதிக்கிற லுத்பியா தலையில் கை வைத்தாள். "நாலு புள்ளக்கி மேல நாங்க டெஸ்ட் பண்ணவே இல்லயே மேனகா! என்ட சோதனைக் குடும்பத்துல மூணு புள்ளதான்."

எங்கள் அப்பா அம்மா காலத்து ஆட்கள் சாகிற தளத்தில் மூன்று பிள்ளைக் குடும்பம். அரசாங்கத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரொட்டி மாதிரி.

றமேஷுக்கு எழுதினேன். பதில் வந்தது: "ஜேசன்ல வரிசை எண்டு ஒண்டு கிடையாது. விதிமுறையை வாசிச்சுப் பார்." வாசித்தேன், ஐயா. விதிமுறையில் இல்லைதான். இந்தச் சனத்தின் வீடுகளில் இருக்கிறதே, அதை யார் வாசிப்பது? பிறகு ஒரு சிரிப்புப் படமும் அனுப்பினான். மூஞ்சி.

ஜனா அண்ணாவின் தீர்வு: "பேருக்கு முன்னால ஒண்டு, ரெண்டு எண்டு இலக்கம் போட்டா என்ன?" செத்த வீட்டை ஓட்டப் பந்தயம் ஆக்கலாம் என்கிறார்.

நானே செய்தேன். இரண்டு வருடம் றமேஷுக்குப் பக்கத்தில் இருந்ததில் எனக்கும் கொஞ்சம் ஸ்காலா வரும். முதலில் ஜேசன் எழுதுகிற இடத்தில் மட்டும், வரிசை காக்கிற மேப்புக்கு மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. அங்கே வந்து சேரும்போதே பெயர்கள் கலைந்துவிட்டன. கலைந்த ஒழுங்கைப் பத்திரமாகக் காத்துத் தந்தது. பிறகுதான், பெயர்களை உள்ளே வாங்குகிற இடத்திலிருந்தே அந்த வரிசை காக்கிற மேப்பை, வெக்டர்மேப்பை, வைத்தேன். இப்போது போட்டது போட்டபடி வருகிறது. லுத்பியா தன் சோதனைக் குடும்பத்துக்குப் பதினொரு பிள்ளைகள் பெற்றுக் கொடுத்தாள். ஒருவரும் இடம் மாறவில்லை.

"சிஸ்டம் பிழை எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ" என்றேன்.

ஜனா அண்ணா கதவைச் சாத்தினார். "சிஸ்டம் பிழை எண்டா ஆர் இனி எங்களிட்ட வருவினம்? 'தவறு நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்' எண்டு போட்டாச்சு. அது காணும்."

யார் தவறு? எங்கே நேர்ந்தது? வானத்தில் இருந்து விழுந்ததா?

மார்ச் 8, சனி

அலுவலக எண்ணுக்கு ஓர் அழைப்பு. நான்தான் எடுத்தேன். நிஷாந்தினி.

ஏச வருகிறா என்று நினைத்து, திருப்பி ஏச ஆயத்தமாக இருந்தேன். அவ மெதுவாகக் கதைத்தா.

"தங்கச்சி, நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்ல எண்டு அண்ணையிட்ட ஒருக்காச் சொல்லுவீங்களா? பேரை மாத்தச் சொல்லி நான் சல்லி தந்தனானாம். நாளைக்கு அங்க வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார்."

"எங்க வரவேண்டாம் எண்டு?"

"செத்த வீட்டுக்கு."

அவவே தொடர்ந்தா. "அம்மா ஆஸ்பத்திரியில இருக்கேக்க நானும் இவர் புவாத்தும்தான் பாத்தனாங்கள். தெஹிவளை கிட்டத்தானே. அவையளுக்குத் தூரம்." குறையாகச் சொல்லவில்லை. பஸ் பாதை சொல்வது மாதிரிச் சொன்னா.

ஒரு கேடுகெட்ட மேப். ஐந்தாவது பெயர். அதற்கு ஒரு மனுசி தாயின்ர முகத்தைப் பாக்கக் கூடாதாம்! என்ன சனம் இது, சீ.

மார்ச் 9, ஞாயிறு

பொரளையில் மலர்ச்சாலை. அங்கேதான் உடலை வைத்திருந்தார்கள். போகவேண்டாம் என்று ஜனா அண்ணா இரண்டு தரம் போன் எடுத்தார். இரண்டு தரமும் எடுக்கவில்லை. லப்டொப்போடு போனேன். செத்த வீட்டுக்கு லப்டொப்போடு போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீதியின் மறுபக்கம் ஓர் ஓட்டோ நின்றது. வெள்ளைச் சேலையில் ஒருத்தி, பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒருவர். சொல்லாமலே தெரிந்தது, நிஷாந்தினியும் கணவர் புவாத்தும். அவர் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். அவ வாங்கவில்லை.

ரொறன்ரோவில் இருந்து வந்துவிட்ட தயாபரன் கோட் போட்டு வாசலில் நின்றார். இந்த வெக்கையில் கோட்! நான் யாரென்று சொன்னதும் முகம் மாறியது. ஆனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், கத்த முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் லப்டொப்பை வைத்து, நான் திருத்தாத றமேஷின் பதிப்பை ஓடவிட்டேன். பக்கத்தில் அவருடைய லண்டன் தங்கை சுபத்திராவும் வந்து நின்றா.

அவர் அனுப்பிய வரிசையில் நாலு பெயர் போட்டேன். அப்படியே வந்தது. ஐந்தாவதைப் போட்டேன். கலைந்தது. ஆறாவதாக நிஷாந்தினியைப் போட்டேன். முதலில் போய் நின்றா.

"பாருங்கோ. ஒருத்தரும் மாத்தேல்ல. இது எங்கட புரோகிராமில உள்ள பிழை. அவவுக்குத் தெரியவே தெரியாது."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "அப்ப ஏன் அவ முதல் வந்தவ? ஏன் மற்றவை வரேல்ல?"

"ஆரோ ஒராள் முதல் வரத்தானே வேணும்."

சுபத்திரா என்னைத் திரும்பிப் பார்த்தா. தயாபரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. மெசின் பிழைதான். நம்புறன்."

"அப்ப அவ உள்ள வரலாமோ?"

"அது வேற, இது வேற."

அது வேற, இது வேற! பேர் மாறியதுதான் காரணம் என்று மூன்று நாளாக உலகத்துக்கெல்லாம் கத்தினார். அந்தக் காரணத்தை அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே எடுத்துப் போட்டேன். அது இல்லாமலும் அவருக்குக் காரியம் நடக்கிறது. எனக்குத்தான் மூளை இல்லை. பிழையைக் காட்டினால் ஆட்கள் திருந்துவார்கள் என்று பொரளை வரைக்கும் போயிருக்கிறேன்.

பெட்டியை ஏற்றிக்கொண்டு வாகனம் கனத்தை மயானத்துப் பக்கம் போனது. ஓட்டோவுக்குக் கிட்டப் போகும்போது நிஷாந்தினி இறங்கி நின்று கும்பிட்டா. வாகனம் நிற்கவில்லை. சுபத்திரா பின்னால் வந்த வானுக்குள் இருந்தா. கண்ணாடிக்கு முகத்தை வைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. இறங்கவில்லை.

பார்க்கத் தெரிகிறது. இறங்கத்தான் தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஜனா அண்ணா என்னோடு கதைக்கவில்லை. நிம்மதி.

மார்ச் 19, புதன்

ஒன்பது பிள்ளைகள், ஒரே அறிவித்தல். ஒருவரும் இடம் மாறவில்லை. யார் எந்தத் தங்கையைக் கடைசியில் தள்ளினாலும் இனி என் திருத்தம் அப்படியே காப்பாற்றிக் கொடுக்கும். இதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டேன். கெட்டிக்காரி.

மார்ச் 27, வியாழன்

றமேஷ் கேட்கிறான், தான் எழுதிய புரோகிராம் நன்றாக ஓடுகிறது என்று யாராவது ஒரு கடிதம் தரமுடியுமா என்று. பதில் போடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று அந்த அம்மாவுக்கு முப்பத்தோராம் நாள். நினைவஞ்சலி ஒன்று வந்திருந்தது. ரொறன்ரோவில் இருந்து அல்ல, தெஹிவளையில் இருந்து.

பிறந்த ஒழுங்கில் ஆறு பேர். தயாபரன் முதலாவது, மனைவியின் பெயர், ரொறன்ரோ. இரண்டாவது நிஷாந்தினி, புவாத், தெஹிவளை. பிறகு சுபத்திரா. பிறகு மற்ற மூவரும், துணைகளும் ஊர்களும். ஒருவரையும் விடவில்லை. அவரைக்கூட.

நான் இவ்வளவு நாளும் அவவுக்காக அவரை ஏசிக்கொண்டு இருந்தேன். அவ ஏசவே இல்லை.

ஜனா அண்ணா பின்னால் வந்து நின்று வாசித்தார். "தயாபரனை ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போடுவமே?"

"ஏன்? இவ பிள்ளை இல்லையோ?"

கத்துவார் என்று பார்த்தேன்.

"போடும்" என்றார். "கோல் வந்தா எனக்குத் தாரும். நான் கதைக்கிறன்."

போட்டேன். தளத்தில் போய்ப் பார்த்தேன். ஆறு பேரும் அனுப்பிய ஒழுங்கிலேயே நின்றார்கள்.

ரொறன்ரோவில் இருந்து ஒன்றும் வரவில்லை. பின்னேரம் நாலு மணிபோல அஞ்சலிப் பகுதிக்கு ஒரு செய்தி வந்து என் அனுமதிக்காகக் காத்திருந்தது. சுபத்திரா, லண்டன்.

"அக்கா, உங்கட நம்பர் என்னட்ட இல்ல. இதில போடுங்கோ. நான் எடுக்கிறன்."

தளத்தில் போன் இலக்கம் போட விடுவதில்லை. அது எங்கள் விதி. செய்தியை அப்படியே அனுமதித்தேன். பிறகு தெஹிவளைக்கு நானே அழைத்து, இலக்கத்தை லண்டனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.