கடைசி நான்கு பைட்டுகளும் மகளும்

பெப். 10, செவ்வாய்
காலையில் பனி. வாவிக்கு அக்கரை தெரியவில்லை. வயல் வட்டையில் நெல் வெட்டு மெஷின் சத்தம் மட்டும்.

வேலை: ரிஸ்னா கேட்ட ஆவணம். ரிஸ்னா எங்கள் டீம் லீட், காத்தான்குடிக்காரி, இருப்பது கொழும்பில். தரவுத்தளத்தில் ஒரு மாற்றம் நடந்தால் அது லொக்கில், அதாவது பதிவேட்டில், ஒரு நிகழ்வாகப் பதியும். பிரதி சேர்வர் அதை வாசித்து அதே மாற்றத்தைத் தானும் செய்யும். அந்த நிகழ்வில் எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்று நான் எழுத வேண்டும். முந்தி இருந்தவர் ஒன்றும் எழுதி வைக்காமல் போய்விட்டார்.

இன்று தலைப்பகுதி முடிந்தது:
நேரம் 4
வகை 1
சேர்வர் இலக்கம் 4
நீளம் 4
அடுத்தது தொடங்கும் இடம் 4
கொடிகள் 2
மொத்தம் 19 பைட்டு. சரி.

மகளுக்குப் பத்து மாதம். இன்னும் தவழவில்லை. உட்காருவாள், கை தட்டுவாள், அவ்வளவுதான். பகலெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு பைட்டு எண்ணுகிறேன், அதனால்தானோ? திங்கள் கிளினிக். அதற்குள் தவழாவிட்டால் வேலையை விடுவது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெப். 11, புதன்
வெயில். எங்கள் பழுகாமத்தில் பகல் முழுக்கக் கரண்ட் இருந்தது, அதிசயம்.

அடுத்து, அட்டவணையில் ஒரு வரி சேர்க்கும் நிகழ்வு. சோதனை அட்டவணையில் மகளின் பெயரை இரண்டு தரம் சேர்த்தேன். வரி ஒன்றேதான். ஆனால் நிகழ்வின் கடைசி நான்கு பைட்டுகள் மட்டும் வேறு. ஏன்? அட்டவணையின் எந்த நிரலுக்கும் பொருந்தவில்லை. மூன்றாம் தரம் சேர்த்தேன். திரும்பவும் வேறு.

அக்கா பின்னேரம் பிள்ளையைக் கொண்டுவந்து தந்தாள். ஒரே வளவில் இரண்டு வீடு, பகலில் மகள் அங்கேதான். வழமைபோல் வாசலில் நின்று ஒப்புவித்தாள்: "பால் குடிச்சவ. ரெண்டு தரம் நித்திரை. சோறு துப்பினவ. வேற ஒண்டும் இல்ல கா." நான் வாங்கி இடுப்பில் வைத்தேன். இரவு வரை இறக்கவில்லை.

என் மனிசன் சுதன், படிப்பிக்கும் வவுணதீவுப் பள்ளியிலிருந்து வந்தார். என் திரையைப் பார்த்துவிட்டு: "நாலு பைட்டுக்கா இந்த முகம்? என்னைக் கலியாணம் பேசி வந்தப்போ கூட நீ இவ்வளவு யோசிக்கல்லயே!" சிரித்தேன். பிறகு குசினியில் நின்று கொஞ்சம் அழுகை. கண்டுவிட்டார் போல. கேட்காமலே தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி கொஞ்சம் கூடுதலாக.

பெப். 13, வெள்ளி
நேற்று எழுதவில்லை. பிள்ளைக்குச் சளி.

நான்கு பைட்டுகளை "பொருள் தெரியாத தரவு" என்று எழுதி அனுப்பியிருந்தேன். ரிஸ்னா போனில் கோல் எடுத்தாள்.

"என்ன புள்ள எழுதி வெச்சிரிக்காய்? ஒன்ட எழுத்த நம்பி நான் புரோகிராம் எழுதினா, ஒவ்வொரு வரிக்கும் வால் மொளைக்குது!"

"அப்ப அது என்ன?"

"செக்சம். நிகழ்வு வழியில பழுதாகாம வந்திச்சா எண்டு பாக்கிறத்துக்கு. தலையில நேரம் மாறினா அதுவும் மாறும். தரவே இல்ல."

வெட்கம். இரண்டு நாள் வரிக்குள்ளேயே தேடினேன், வரியில் இல்லாத ஒன்றை. வாய் தவறி, திங்களுக்குப் பிறகு நான் வேலையில் இருக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். ரிஸ்னா: "புள்ளைக்காகவா? செரி. திங்கள் வரைக்கும் நான் ஆருக்கும் சொல்லல்ல."

நல்லவள்.

பெப். 14, சனி
அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்: வேலையை விடுகிறேன், பிள்ளை தவழவில்லை, என் பிழை.

அவள் கை நின்றது. "ஆர் சொன்ன தவழல்ல எண்டு?"

"ஏன்?"

"புதன்கிழமையே தவழ்ந்திட்டாள். எங்கட வீட்டு ஹோலில. கோழிக்குப் பின்னால."

இறால் சட்டியைத் தள்ளிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"பெத்தவள் நீதான் முதல்ல காணோணும் எண்டு சொல்லாம விட்டன். உன்ட மனிசனும் வாயத் திறக்காதீங்க எண்டவர். ரெண்டு பேரும் பாத்துக்கொண்டே இருக்கிறம், நீ பிள்ளைய நிலத்தில விட்டாத்தானே கா! அறையால வந்தா இடுப்பில, சமைச்சா இடுப்பில. இடுப்பில இருந்து எப்பிடித் தவழுற?"

கோபம்தான் முதலில். மூன்று இரவு நான் தூங்கவில்லை, இருவருக்கும் தெரிந்திருக்கிறது! சுதனிடம் கத்தினேன். அவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எப்படியோ மூவரும் சிரித்தோம். கை முழுக்க இறால் நாற்றம்.

பெப். 15, ஞாயிறு
பாய் விரித்து இறக்கிவிட்டேன். இரண்டு கையையும் தூக்கி அழுதாள், எடு என்று. எழும்பப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். "இரு, இரு."

முதலில் பின்பக்கமாகப் போனாள், கட்டிலுக்கடியில். சுதன்: "ரிவர்ஸ் கியர்." பிறகு திரும்பி முன்னுக்கு. என்னைத் தாண்டி நேரே அக்காவிடம்! அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள், வரவேண்டாம் என்று. பாவம். எனக்குக் கொஞ்சம் எரிச்சல், கன சந்தோசம்.

பெப். 16, திங்கள்
தூறல். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் கேட்டார், எப்போது தவழத் தொடங்கினவ என்று. நான் வாயைத் திறக்க முன் அக்கா: "நேத்து மிஸ். தாய்தான் முதல்ல கண்ட."

திருத்தவில்லை. ஆவணத்தில் இப்படிப் பொய் எழுதமாட்டேன். இது வேறு.

பிள்ளையின் நிறை போதுமாம். சளி குறைவு.

ரிஸ்னாவுக்கு மெசேஜ்: வேலையை விடவில்லை. ஆனால் இனிக் கதவு திறந்துதான் இருக்கும், வேகம் குறையும்.
ரிஸ்னா: "கொறஞ்சாக் கொறையட்டும். மொதல்ல அந்த வாலை வெட்டி அனுப்பு."

அடுத்தது வரி நீக்கும் நிகழ்வு. மேசையை ஹோலுக்கு மாற்றியாயிற்று. மகள் இன்னும் நித்திரையில்லை, மேசைக்கடியில் ஒரு சத்தமும் காணோம், சார்ஜர் வயர் இழுபடுகிறது, ஐயோ, வாயில்—