ஏலத்தில் என் புத்தகம்

ஞாயிறு, இரவு.

இன்று மஞ்சக்குப்பம் சபையில் அறுப்பின் பண்டிகை. எல்லோரும் பூசணி, நெல், சேவல் என்று கொண்டுவந்து படைத்தார்கள். நான், போன மாதம் சிதம்பரத்தில் அச்சான என் முதல் புத்தகத்தைப் படைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

என் குழந்தை இறந்த பிறகு என்னால் ஜெபிக்கவே முடியவில்லை என்று அதில் சாட்சியாக எழுதியிருந்தேன். ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு எஸ்தர் அக்கா பிடித்துக்கொண்டார். "சாட்சின்னா ஜெயத்துல முடியணும்டி. நீ பாதியில வுட்டுட்ட. இதப் படிச்சி யாருக்கு விசுவாசம் வளரும்?" எல்லோர் காதிலும் விழுந்தது.

பிறகு வழக்கம்போல், படைத்ததை எல்லாம் ஏலம் விட்டார்கள். பூசணிக்குப் போட்டி. சேவலுக்குச் சண்டையே வந்தது. என் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு தரம் சொல்லியாயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டாம் தரத்தில் எஸ்தர் அக்கா கை தூக்கினார்.

வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "எனக்குப் புடிக்கலதான். அதுக்காக ஆண்டவருக்குப் படைச்சத கேக்க ஆளில்லாம வுட முடியுமா?" நன்றி சொல்ல மனம் வரவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்பவாச்சும் ஜெபம் பண்றியா?"

புத்தகத்தைப் பாராட்டியவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. "அடுப்புல பால் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காலையிலிருந்து சபையில் இருப்பவளுக்கு அடுப்பில் ஏது பால்? அக்காவுக்கும் அது தெரியும்.