குரலில் சந்தோஷம் போதவில்லை

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா சுகமா?

மேட்டுப்பாளையம் கம்பெனியில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாள்களில் போனிலேயே சின்னச் சின்ன ஆன்லைன் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கவாம், அவர்கள் தரும் வாக்கியத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

நேற்று வந்தது, "நான் நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க." சந்தோஷமாகச் சொல்ல வேண்டுமாம். இரண்டு தடவை அனுப்பியும், குரலில் சந்தோஷம் போதவில்லை என்று தள்ளிவிட்டார்கள். அறையில் கூட இருக்கும் ஜெர்லின், "உங்க அத்தாகிட்ட பேசுற மாதிரி நெனச்சிகினு சொல்லுடி" என்றாள். அப்படியே சொன்னேன். அதையும் தள்ளிவிட்டார்கள். ஜெர்லினுக்கு ஒரே சிரிப்பு.

என் கெட்டிப் போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். தெருச் சத்தம் பதிவாகாமல் ஜன்னலில் கட்ட வேண்டும்.

நீங்கள் கூப்பிட்டால் நான் போனை எடுப்பதில்லை என்று கோபிக்க வேண்டாம். கம்பெனி பஸ் வந்துவிட்டது. நான் நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க.

மஹீரா