துண்டு மாட்டுகிற கொக்கி

தென்காசி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஆசிபுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மனைவி மிஸ்ரியாவும் இங்கே சுகம், ஷார்ஜாவில் நீயும் சுகமாக இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி கண்ணை மூடித் தூங்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போன் இருக்கும்போது உம்மா எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பாத்ரூம் என்று நான் வாயைத் திறந்தாலே நீ டவர் இல்லை என்கிறாய், காகிதத்துக்கு டவர் வேண்டாம். பக்கத்து வீட்டு ஹுஸைஃபா லீவு முடிந்து திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி வேலை நடக்கிறது. சாரல் விடாமல் பெய்வதால் சிமெண்ட் காயத்தான் நேரம் எடுக்கிறது. வாப்பா மவுத்தானதிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன், வேலைக்கு வருகிற ஆண்கள் முன்னால் வரக்கூடாது, அதனால் காலையிலேயே மிஸ்ரியா என்னை உள்ரூமில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். கண்ணால் ஒன்றையும் பார்க்க முடியாது, ஆனால் காது இருக்கிறதே. உளி கொத்துகிற சத்தம் வேறு, டைல் வெட்டுகிற மிஷின் சத்தம் வேறு, ஒட்டின டைலை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது அடியில் பொள்ளலாக இருந்தால் ஒரு மாதிரி டொக்கென்று கேட்கும், எல்லாம் பழகிவிட்டது. சுவரில் கீழ்வரிசை ஒட்டும்போது, மூலையில் ஒன்று பொள்ளல் என்று மிஸ்ரியாவிடம் சொல்லி அனுப்பினேன். கொத்தனார் சுடலைமணி தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள இருந்துக்கிட்டே மேஸ்திரி வேல பாக்குதாங்களே, எனக்க சம்பளத்துல பாதிய அவங்களுக்குக் குடுத்துருங்கம்மா" என்றாராம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் போனதும்தான் எனக்கு விடுதலை, ஓடிப்போய் இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பேன். மிஸ்ரியா, "மாமி, கல்யாண வீடு மாதிரில்லா பாக்கப் போறிய" என்று சிரிப்பாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா.

நீ அனுப்பின படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். குளிக்கிற இடத்துக்குக் கண்ணாடிச் சுவர் என்கிறாய், மீன் தொட்டியில் நின்று குளிக்கவா என்று வேண்டாம் என்றுவிட்டேன். தாம்பாளம் அளவு ஷவர், தலையில் அருவி மாதிரி விழும் என்று சொல்லியிருந்தாய், குற்றாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு அருவியா என்று முதலில் சிரித்தேன், பிறகு ஆசையாகத்தான் இருந்தது, அது இருக்கட்டும். கையைக் காட்டினால் தானாகத் தண்ணீர் வருகிற குழாய் இருக்கிறதே, அதில் ஒரு சந்தேகம். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலு செய்யும்போது கையைக் காட்டினால் வரும், சரி, காலைக் காட்டினால் வருமா? காலை அது கை என்று நினைத்துக்கொள்ளுமா? விசாரித்து எழுது. இன்னொன்று, உன் படத்தில் கக்கூஸ் கோப்பை மேற்கே பார்த்து இருந்தது. சுடலைமணி பைப்காரரிடம், "படத்துல உள்ளபடி மேக்க பாத்து வச்சிருவோம்" என்று சொன்னது காதில் விழுந்ததும் நான் அகப்பையால் கதவை அடித்த அடியில் மிஸ்ரியா பதறி ஓடி வந்தாள். தொழுகிற திசை, கிப்லாவைப் பார்த்தா உட்காருவது? ஷார்ஜாவில் இருந்துகொண்டு உனக்கும் தோன்றவில்லையே. இப்போது தெற்கே பார்த்துத் திருப்பியாயிற்று.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், காகிதத்தை மடித்து வைத்துவிடாதே. உன் கல்யாணத்துக்கு நீ பணம் அனுப்பிப் போட்ட அந்தப் பளபள டைல், முகம் பார்க்கலாம் போல இருக்கும், வாப்பா வந்தவர்களுக்கு டீ கொடுக்கிறதுக்கு முன்னால் பாத்ரூமைத்தான் காட்டுவார்கள். "எம்மவன் போட்டது" என்று சொல்லாத நாள் இல்லை. நீயோ, அந்தத் தரையில் விழுந்துதான் மவுத்தானார்கள், நான் போட்ட டைல்தான் வாப்பாவைக் கொன்றது, அந்தத் தரை இருக்கிறவரை வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னாய். தரையைப் பெயர்த்தாயிற்று, இப்போது லீவு இல்லை என்கிறாய். எனக்குத் தெரியாதா.

புதுத் தரைக்குக் கடையிலிருந்து மாதிரி டைல்கள் வந்தன, சொரசொரப்பாக ஒன்று, மணல் தூவினது போல ஒன்று, மங்கலாக ஒன்று. மங்கலாக இருப்பதற்கு மேட் என்று பெயராம். எல்லாவற்றையும் ரூமில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, சோப்பு தேய்த்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று பார்த்தேன். வேறு என்ன வேலை எனக்கு. மணல் தூவினதுதான் காலைப் பிடிக்கிறது, அதையே போடச் சொல்லிவிட்டேன். பழைய டைலில் ஒன்று உடையாமல் வந்திருந்தது, அதையும் எடுத்து வரச் சொல்லி ஏறி நின்றேன். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் ஊற்றினதும் கால் சறுக்கிவிட்டது, கம்பியைப் பிடித்திருந்ததால் தப்பினேன். மிஸ்ரியா, "மாமி, நீங்களும் விழுந்து என்னயக் கொல்லாதிய" என்று அழுதுவிட்டாள். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்த டைல் நனைந்தால் வழுக்கத்தான் செய்கிறது.

நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன், அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்குச் சத்தம் கேட்டு ஓடியது நான்தானே. அந்தத் தரையிலேயே காலை மடித்து உட்கார்ந்து, தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், ஆட்கள் வந்து தூக்குகிறவரை எழுந்திருக்கவே இல்லை. பிறகு பெண்கள் வந்து எனக்கு வெள்ளை உடுத்தும்வரை அதே காப்பிக்கலர் சேலையோடுதான் கிடந்தேன். அந்தச் சேலை நனையவே இல்லை ஆசிப். வாப்பா குழாயைத் திறக்கவே இல்லை. வாளி காலியாக இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு போன துண்டைக் கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான், அது காய்ந்தபடியே தொங்கியது, ஆட்கள் தூக்கினபோது நான்தான் அதை இழுத்தெடுத்து முகத்தை மூடினேன். காய்ந்த தரையில் யார் வழுக்கி விழுவார்? நெஞ்சு நின்ற பிறகுதான் விழுந்திருக்கிறார்கள் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார், நம் மனசைத் தேற்றச் சொல்கிறார் என்று நீயும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. இப்போது நான் நம்புகிறேன். அழைப்பு வந்தது, போனார்கள். கடைசியாக அவர்கள் நின்றது நீ போட்ட தரையில், அதில் அவர்களுக்குப் பெருமைதான் இருந்தது.

நேற்று சுடலைமணி துண்டு மாட்டுகிற கொக்கியை எந்த உயரத்தில் அடிக்கட்டும் என்று கேட்டு அனுப்பினார். நான் யோசிக்காமல் மிஸ்ரியாவிடம், "மாமா கைக்கு எட்டுத மாதிரி, பழைய எடத்துலயே அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டேன். அவளும் அப்படியே போய்ச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் எனக்குக் கை எட்டவில்லை. மிஸ்ரியா எக்கிப் பார்த்தாள், அவளுக்கும் விரல் நுனிதான் படுகிறது. "நாளைக்குக் கழட்டித் தாழ்த்தி அடிக்கச் சொல்லட்டுமா மாமி" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் அது எட்டுகிற உயரம் இனி உனக்கு ஒருவனுக்குத்தான் இருக்கிறது.

தொழுகையை விடாதே, வெயிலில் குடை இல்லாமல் நடக்காதே, மிஸ்ரியாவிடம் தினமும் இரண்டு வார்த்தையாவது சிரித்துப் பேசு, அவளும் பிள்ளைதான். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நெஞ்சுக்கு நிம்மதியும் தருவான். லீவு கேள். வரும்போது குளிக்கத் துண்டு எடுத்து வர வேண்டாம், வாப்பாவுடையதைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

துஆவுடன்,
உன் உம்மா
ரஹ்மத்துன்னிசா