பெட்டியில் இருந்த தோட்டாக்களை நான் தொடவில்லை

அனுப்புநர்
ஜெ. தையல்நாயகி,
க/பெ ஜெயவேலு,
7, பிள்ளையார் கோயில் குறுக்குத் தெரு,
சேலையூர், சென்னை – 600 073.

பெறுநர்
உயர்திரு மண்டல மேலாளர் அவர்கள்,
தென்கரை வங்கி, மண்டல அலுவலகம்,
சென்னை.

பொருள்: குரோம்பேட்டை கிளை ஆயுதக் காவலர் திரு. ஜெயவேலு மீதான குற்றச்சாட்டு – தோட்டாக்களின் தரத்தைப் பரிசோதிக்கவும், என் தவறை என் பெயரிலேயே பதிவு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: குற்றச்சாட்டு மெமோ, நாள் 20.12.1993.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி காவலரின் மனைவி நான். ராணுவத்தில் பதினேழு வருடம், தங்கள் வங்கியின் பணம் ஏற்றிச் செல்லும் வேனில் ஒன்பது வருடம் என்று ரைபிளோடு காலம் தள்ளியவர் அவர். நான் மனு எழுதுவது அவருக்குத் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருக்கிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது, யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை.

2. டிசம்பர் 14 அன்று, வண்டலூருக்கு அப்பால் உள்ள சுடுதளத்தில் நடந்த வருடாந்திரச் சோதனையில் அவருடைய தோட்டாக்கள் பல வெடிக்கவில்லை. தோட்டாக்களில் எண்ணெய் படிய விட்டார் என்பது முதல் குற்றச்சாட்டு. கடைசித் தோட்டாவைச் சுடும்படி பாதுகாப்பு அதிகாரி உத்தரவிட்டும் மறுத்தார் என்பது இரண்டாவது. இதற்காக அவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டுள்ளார். வரும் 20-ஆம் தேதி விசாரணை.

3. எண்ணெய் தடவியது நான்தான் ஐயா. கடந்த ஆயுத பூஜைக்குக் கிளையில் எல்லார் குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். லெட்ஜர், இரும்புப் பெட்டி, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். இவருடைய தோட்டா பெல்ட் மட்டும் மங்கலாகக் கிடந்தது. பூசணிக்காய் வாங்க இவர் கடைக்குப் போன நேரத்தில், அதில் இருந்த ஐந்து தோட்டாக்களையும் உருவி, விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்துப் பொட்டு வைத்தேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத்தான் தேய்த்தேன். பித்தளை பளபளவென்று ஆனது.

4. அவர் திரும்பி வந்து பார்த்தார். என்னைப் பார்த்து, "நல்லாத்தான் மினுக்கிட்டே" என்று சிரித்தார். பாராட்டு என்றே நினைத்து வீடு வரை சந்தோஷமாக வந்தேன். எண்ணெய் தோட்டாவின் அடிவழியாக இறங்கி மருந்தை நமுத்துப்போகச் செய்யும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர் மறுநாள் அத்தனையையும் துணியால் துடைத்திருக்கிறார். துடைத்தால் போதும் என்று நினைத்து, மேலே தெரிவிக்காமல் விட்டது அவர் தவறு. அதை நான் மறைக்கவில்லை.

5. ஆனால் சோதனையில் சுடக் கொடுத்தவை பத்து. பெல்ட்டில் இருந்த ஐந்தில் மூன்று வெடிக்கவில்லை. அந்த மூன்றும் என் கணக்கு. மீதி ஐந்து, பூஜைக்குப் பிறகு நவம்பரில் வாங்கிய பெட்டியில் இருந்தவை. அதிகாரியின் கண் முன்னே சீல் உடைத்து எடுத்தவை. அதில் முதல் தோட்டா சரியாக வெடித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வெடிக்கவில்லை. சீல் வைத்த பெட்டிக்குள் என் எண்ணெய் எப்படிப் போயிருக்கும் என்று தாங்களே சொல்ல வேண்டும்.

6. நான்காவது தோட்டா நனைந்த பட்டாசு போல 'புஸ்' என்று மட்டும் சத்தம் போட்டது. இலக்கில் ஓட்டை விழவில்லை. இவர் உடனே ரைபிளைத் தாழ்த்திவிட்டார். நேரமாகிறது, ஐந்தாவதைச் சுட்டு முடி என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். மாட்டேன் என்று இவர் நின்றுவிட்டார். பக்கத்தில் மூன்று காவலர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவரான திரு. சுந்தர்சிங் பிறகு குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தபோது, குண்டு பாதி வழியில் சிக்கிக்கொண்டிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் அவர் முகத்திலேயே வெடித்திருக்கும். மெமோவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

7. இத்தனையையும் அவர் மெமோவுக்கான பதிலில் எழுதியிருக்கலாம். அவர் எழுதியது, "தவறு என்னுடையது, தண்டனையை ஏற்கிறேன்" என்பது மட்டும். பெட்டியைப் பற்றிப் பேசினால் எண்ணெய் தடவியது யார் என்று கிளறுவார்கள், கிளறினால் என்னை விசாரணையில் நிறுத்துவார்கள் என்று வாயை மூடிக்கொண்டார். இடைநீக்கம் ஆனது எனக்கே தெரியாது. தினமும் ஏழரைக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுத்தேன். மாலையில் டிபன் பாக்ஸைக் கழுவிக் கொண்டுவந்தார். போன வாரம் சுந்தர்சிங் வீட்டுக்கு வந்து, "அக்கா, அண்ணன் டெய்லி சானடோரியம் ரயில்வே ஸ்டேஷன்ல குந்திகினு கீறாரு, எல்லாப் பழியையும் தன் தலைல போட்டுகினாரு" என்று சொல்லி, மெமோவின் நகலையும் இவர் எழுதிய பதிலையும் காட்டிய பிறகுதான் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். எனக்குத் தெரியும் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

8. ஆகவே, அந்தப் பெட்டியில் மிச்சமுள்ள தோட்டாக்களைத் தக்க நிபுணரிடம் அனுப்பிச் சோதிக்க வேண்டுகிறேன். செய்த தொழிற்சாலையின் பெயரும் லாட் எண்ணும் பெட்டியின் மேலேயே இருக்கின்றன. முடிவு தெரியும் வரை அந்தத் தோட்டாக்களை வேறு எந்தக் காவலருக்கும் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறது. விசாரணை நாளன்று நானே நேரில் வந்து, எண்ணெய் தடவியதைக் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்கிறேன். சுந்தர்சிங்கும் சாட்சி சொல்லச் சம்மதித்துள்ளார்.

9. உத்தரவை மீறியது குற்றம் என்றால், அந்தக் குற்றத்துக்காக நான் அவருக்கு ஆயுள் முழுக்க நன்றிக்கடன் பட்டவள். இந்த மனுவின் தொடக்கத்தில் என் கணவர் பெயரை எழுதினேன். அதற்கு முன்னால் 'லேட்' என்று சேர்க்காமல் எழுத முடிந்தது ஐயா. இதைத் தாங்கள் மனத்தில் கொண்டு முடிவெடுக்கக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சேலையூர்
நாள்: 10.1.1994

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெ. தையல்நாயகி